ஆண்டவரின் இரக்கம்: மறதியா, மன்னிப்பா?



நாவிற்கு எளிதாயும் நெஞ்சிற்கு அரிதாயும் உள்ள சொற்கள் சில நம் மொழியில் உண்டு. அவற்றுள் 'இரக்கம்' என்பதும் ஒன்று. வாயிலில் வந்து நிற்கும் ஏழைக்கு ஒரு பிடி சோறு இடுவதையும் இரக்கம் என்கிறோம். நோயாளியைக் கண்டு கண் கலங்குவதையும் இரக்கம் என்கிறோம். கிறிஸ்தவ ஆலயங்களிலோ இச் சொல் ஞாயிறுதோறும் பலமுறை ஒலிக்கின்றது. கத்தோலிக்கர் திருப்பலியின் தொடக்கத்திலேயே ஆண்டவரிடம் இரக்கத்தை வேண்டுகின்றனர். சீர்திருத்தச் சபைகளிற் பாடப்பெறும் கீர்த்தனைகளிலும் இரக்கம், கிருபை, தயை என்னும் சொற்கள் நிறைந்து கிடக்கின்றன. ஆயினும், பல கைகள் பட்டுத் தேய்ந்த நாணயம் தன் முத்திரையை இழப்பது போல, அடிக்கடி சொல்லப்படும் சொல்லும் தன் பொருளை இழந்துவிடுவதுண்டு. அதன் உண்மை மதிப்பை அறிய வேண்டுமாயின், அது சோதனைக்கு உள்ளான இடத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

அத்தகைய ஓர் இடம் மீன் பாடும் மட்டக்களப்பு வாவிக் கரையிலேயே இருக்கின்றது.

இரக்கத்தின் ஞாயிறு

2019 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. அன்று காலை இலங்கையின் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பு நகரின் பெரிய ஹோட்டல்கள் சிலவற்றிலும் தற்கொலைக் குண்டுதாரிகள் நடத்திய தாக்குதலில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலமும், நீர்கொழும்புக்கு அருகே கட்டுவாப்பிட்டியிலுள்ள செபஸ்தியார் ஆலயமும் கத்தோலிக்க ஆலயங்கள். மூன்றாவது, மட்டக்களப்பு நகரிலுள்ள சீயோன் தேவாலயம். ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் காலையுணவு உண்டுகொண்டிருந்த வேளை அது. பையோடு வந்த அந்நியன் ஒருவனைச் சபையைச் சேர்ந்த ஒருவர் மறித்து, உள்ளே செல்லவிடாது தடுத்தார். குண்டு வெளியிலேயே வெடித்தது; தடுத்தவரும் உயிர் நீத்தார். அங்கு மாண்டவர்கள் சுமார் 30 பேர். அவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் பிள்ளைகள்.

அடுத்த சில நாட்களுக்குள், அத் தேவாலயத்தின் தலைமைப் போதகர் ரொஷான் மகேசன், குண்டை வெடிக்கச் செய்தவனையும் அவனை ஏவி அனுப்பியவர்களையும் தாங்கள் மன்னிப்பதாகச் சபையின் பெயரால் அறிவித்தார். தங்களுக்குக் காயம் உண்டென்பதையும் கோபம் உண்டென்பதையும் அவர் மறைக்கவில்லை. அவற்றைச் சொல்லிவிட்டே மன்னிப்பையும் சொன்னார். உலகெங்கும் செய்தித்தாள்கள் அதனை வெளியிட்டன.

ஏழு நாட்கள் கழித்து ஏப்ரல் 28 ஆம் திகதி வந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு கத்தோலிக்கத் திருச்சபையில் இறை இரக்கத்தின் ஞாயிறு ஆகும். 2000 ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் அதனை உலகத் திருச்சபை முழுமைக்கும் உரிய நாளாக அறிவித்தார். 2019 இல் அந்த இரக்கத்தின் ஞாயிறன்று இலங்கையின் கத்தோலிக்க ஆலயங்களில் மக்கள் கூடும் திருப்பலி இல்லை. பாதுகாப்புக் காரணமாக அவை நிறுத்தப்பட்டிருந்தன. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஒப்புக்கொடுத்த திருப்பலியை மக்கள் தத்தம் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னிருந்தே கண்டனர். இரக்கத்தைக் கொண்டாட வேண்டிய நாளில் ஆலயக் கதவுகள் பூட்டிக் கிடந்தன.

இந்நிலையில் பலர் உள்ளத்தில் எழுந்த கேள்வியை நாமும் கேட்டுப் பார்ப்போம். பிள்ளைகளைக் கொன்றவனை மன்னிப்பது எப்படி? மன்னித்துவிட்டால், நடந்ததை மறந்துவிட வேண்டுமா? மன்னித்தவர்கள் நீதி கேட்கலாமா? இக் கேள்விகளுக்கு விடை காணாமல், ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதிற் பயனில்லை.

மன்னிப்பு ஒரு நாளில் முடிந்துவிடும் காரியமும் அன்று. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், குண்டுதாரியின் உடற்பாகங்கள் கள்ளியங்காட்டு மயானத்தில் புதைக்கப்பட்ட செய்தி பரவியபோது, நகர மக்கள் வீதியில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். ஈற்றில் நீதிமன்ற ஆணையின்படி அவை தோண்டியெடுத்து அகற்றப்பட்டன. இதைக் கொண்டு அம்மக்களை இரக்கமற்றவர் என்று சொல்லத் துணிவோர் புத்திரசோகத்தை அறியாதவர்கள். எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது, ஏழு தடவையன்று, எழுபது மடங்கு ஏழு தடவை என்னும் கருத்துப்பட இயேசுபிரான் விடை பகர்ந்ததாக மத்தேயு எழுதுகின்றார். பெருக்கிப் பார்த்தால் 490. ஒருவன் நமக்கு 490 குற்றங்கள் செய்ய வேண்டும் என்பதில்லை. ஒரே குற்றத்தின் நினைவு ஒவ்வொரு விடியலிலும் புதிதாக எழுந்து வந்து நெஞ்சை அடைக்கும்போது, அந்த ஒன்றையே 490 முறை மன்னிக்க வேண்டியிருக்கலாம்.

சுமப்பதும் பொறுப்பதும்

தமிழிலே மன்னித்தலுக்கு மற்றொரு சொல் 'பொறுத்தல்'. பிழை பொறுக்குமாறு வேண்டுவது நம் வழக்கு. இதே சொல்லுக்குச் சுமத்தல், தாங்குதல் என்றும் பொருள் உண்டு. கூரையின் பாரத்தைத் தூண் பொறுக்கின்றது. நிலம் தன்னை அகழ்வாரைப் பொறுக்கின்றது. விவிலியத்தின் பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய மொழியிலும் இவ்வாறே அமைந்திருப்பது வியப்புக்குரியது. 'நாசா' என்னும் எபிரேய வினைச்சொல்லுக்குத் தூக்குதல், சுமத்தல் என்பது பொருள். பாவத்தை மன்னித்தல் என்பதும் அதே சொல்லின் பொருளாகும். தமிழனும் எபிரேயனும் ஒருவரையொருவர் கேளாமலே ஓர் உண்மையைக் கண்டிருக்கின்றனர். மன்னிப்பிலே பாரம் மறைந்துபோவதில்லை; அதை யாரோ ஒருவர் சுமக்கின்றார்.

பேதுருவுக்கு விடை சொன்ன இயேசுபிரான் அதனைத் தொடர்ந்து ஓர் உவமையைக் கூறினார். அரசனுக்கு 10,000 தாலந்து கடன்பட்ட பணியாள் ஒருவன் இருந்தான். ஒரு தாலந்து 6,000 தெனாரியம் பெறும். ஒரு தெனாரியம் அக்காலக் கூலியாளின் ஒரு நாட் கூலி. ஆகவே அவன் பட்ட கடன் 6 கோடி நாட் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்து, ஒரு செப்புக் காசும் உண்ணாமல் கொடுத்தாலும், கடன் தீர 2 இலட்சம் ஆண்டுகள் செல்லும். அவன் காலில் விழுந்து தவணை கேட்டான். அரசன் தவணை கொடுக்கவில்லை. மனமிரங்கிக் கடன் முழுவதையும் விட்டுவிட்டான். வெளியே வந்த அப்பணியாளோ, தனக்கு 100 தெனாரியம் தரவேண்டியிருந்த சக பணியாளனின் கழுத்தைப் பிடித்து நெரித்து, அவனைச் சிறையில் இடுவித்தான்.

இவ்வுவமையில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, 100 தெனாரியம் சிறு தொகையன்று. அது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலி. அத்தனை கூலியை இழந்த குடும்பத்தில் அடுப்பெரியாது. ஆகவே, நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு அற்பமானது, அதைப் பொருட்படுத்தாதே என்று இயேசுபிரான் சொல்லவில்லை. தீங்கு மெய்யான தீங்கே. அதற்குப் பக்கத்தில், கடவுளுக்கு நாம் பட்ட கடனையும் வைத்துப் பார்க்கும்படி சொல்கின்றார். இரண்டாவது, அரசன் கணக்கேட்டில் கோடு கிழித்த மாத்திரத்தில் 6 கோடித் தெனாரியம் வானத்தில் கரைந்துவிடவில்லை. பணியாளன் தோளிலிருந்து இறங்கிய நட்டம் அரசன் கருவூலத்தில் ஏறிற்று. மன்னித்தவனே இழந்தவன்.

கிறிஸ்தவ சமயத்தின் மையம் இங்கேதான் உள்ளது. கடவுள் மனிதனுடைய பாவத்தைக் காணாதது போல் இருந்துவிட்டார் என்று அச்சமயம் கூறவில்லை. பாவத்தின் பாரத்தை அவரே சுமந்தார், அச்சுமையின் வடிவமே சிலுவை என்று கூறுகின்றது. ஆகையால் ஆண்டவரின் இரக்கம் மறதியன்று. மறதிக்குச் செலவில்லை, இரக்கத்துக்குச் செலவு உண்டு. பாவத்தை நன்றாக அறிந்து, அதன் நிறையை முழுவதும் உணர்ந்து, அதைத் தன் தோளில் ஏற்றுக்கொள்வதே இரக்கம். உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளிலும் விலாவிலும் காயத்தின் தழும்புகள் இருந்தன என்று யோவான் எழுதி வைத்திருப்பதும் சிந்திக்கத்தக்கது. மரணத்தை வென்ற உடலிலும் காயத்தின் சுவடு அழிக்கப்படவில்லை. உயிர்த்த ஞாயிறன்று பிள்ளையை இழந்த தாயிடம், எல்லாவற்றையும் மறந்துவிடம்மா என்று சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை.

வழக்குரையும் குளிர்த்தியும்

மட்டக்களப்பு மக்களுக்கு இவ்வுண்மை புதியதன்று. செட்டிபாளையம், தம்பிலுவில் முதலிய ஊர்களின் கண்ணகி கோயில்களில் வைகாசி மாதத்தில் நிகழும் சடங்கை அறியாதார் இப்பகுதியில் இலர். கதவு திறந்து, நாட்கணக்காகக் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். குற்றமற்ற கணவனைக் கொல்வித்த மன்னன் அவையில் அவள் தன் வழக்கை உரைத்ததும், தவறு வெளிப்பட்டதும் அதில் விரித்துப் பாடப்படும். அதன் பின்னரே குளிர்த்தி நடைபெறும். அம்மனின் சினம் தணியக் குளிர்த்தி பாடப்படும். வழக்குரை இன்றிக் குளிர்த்தி இல்லை. அநீதி முழுவதும் வாய்விட்டுச் சொல்லப்பட்டு, அவையோர் அதைக் கேட்ட பின்னரே நெஞ்சு குளிரும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

சமயங்கள் வேறு, கொள்கைகள் வேறு. ஆயினும் உண்மையை மூடி மறைத்துப் பெறும் ஆறுதல் ஆறுதலாகாது என்பதிற் கிறிஸ்தவமும் ஒன்றுபடும். 2020 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, தாக்கியவர்களைத் தாங்கள் மன்னித்துவிட்டதாகக் கர்தினால் மல்கம் ரஞ்சித் உரைத்தார். அதன் பின்னரும், தாக்குதலின் பின்னணியில் நின்றவர் யாவர், முன்னெச்சரிக்கை கிடைத்தும் அது ஏன் தடுக்கப்படவில்லை என்ற உண்மையை அவர் இடைவிடாது கேட்டு வந்தார். 2022 ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையிலும் குரல் கொடுத்தார். 2023 ஜனவரி 12 ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம், எச்சரிக்கை இருந்தும் கடமையிற் தவறினர் என்று கண்டு, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்றும், உயர் அதிகாரிகள் சிலரும் தத்தம் பங்கைச் செலுத்த வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது.

மன்னித்தவர் நீதி கேட்பது முரணாகாதோ என்பார்க்கு ஒரு சான்று காட்டலாம். 1981 மே 13 ஆம் திகதி, வத்திக்கானில் மெஹ்மத் அலி அக்கா என்பவன் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போலைச் சுட்டான். உயிர் தப்பிய பாப்பரசர் சில நாட்களிலேயே அவனை மன்னித்ததாக அறிவித்தார். 1983 டிசம்பர் 27 ஆம் திகதி அவனுடைய சிறைக்கூடத்துக்கே சென்று, அருகிலிருந்து தனியே உரையாடினார். ஆயினும் சிறைக் கதவு அன்று திறக்கப்படவில்லை. 2000 ஆம் ஆண்டில்தான் இத்தாலிய அரசு அவனுக்குப் பொதுமன்னிப்பு அளித்தது. மன்னித்தவர் பழியுணர்ச்சியை விட்டார். அரசு தன் கடமையைச் செய்தது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. தனக்கு நேர்ந்ததை ஒருவர் மன்னிக்கலாம். பிறருடைய பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பை ஏற்ற அரசு, அப்பொறுப்பிற் தவறியதை 'மன்னிப்பு' என்னும் போர்வையால் மூடிக்கொள்ள இயலாது.

இரக்கம் நீதிக்குப் பகையன்று, தாய் என்றே சொல்லலாம். இதற்கு லூக்கா எழுதிய சகேயுவின் வரலாறு சான்று. எரிக்கோ நகரில் வரி தண்டுவோரின் தலைவன் அவன். மக்களைப் பிழிந்து செல்வம் சேர்த்தவன். கூட்டத்தில் இயேசுவைக் காண இயலாமல் அத்தி இனத்து மரமொன்றில் ஏறியிருந்தான். இயேசு அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவன் வீட்டில் விருந்தினராகத் தங்கப் போவதாகக் கூறினார். கணக்குக் கேட்கவில்லை, நிபந்தனை விதிக்கவில்லை. பாவி வீட்டுக்குப் போகிறாரே என்று ஊரார் முணுமுணுத்தனர். சகேயுவோ எழுந்து நின்று, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் உரைத்தான். முதலில் வந்தது இரக்கம். அதன் பின்னே வந்தது நீதி. அச்சத்தால் கணக்கை மறைப்பவன், அன்பு கண்டபோது அதைத் தானே விரித்துக் காட்டுகின்றான்.

யோனாவின் கோபம்

இதுகாறும் சொன்னவை ஏற்பதற்கு எளியவை. இனி அரியதற்கு வருவோம். ஆண்டவர் நமக்கு இரங்க வேண்டும் என்று கேட்பது இயல்பு. நாம் வெறுப்பவர்க்கும் அவர் இரங்குகின்றார் என்பதை ஏற்பதுதான் கடினம்.

பழைய ஏற்பாட்டில் யோனா என்னும் தீர்க்கதரிசியின் வரலாறு இதைப் பற்றியதே. யோனாவை மீன் விழுங்கிய கதையைப் பிள்ளைகள் அறிவார்கள். அதன் முடிவை அறிந்தோர் சிலரே. தன் மக்களின் பகைவராகிய அசீரியரின் பெருநகரமான நினிவேக்குச் சென்று எச்சரிக்கும்படி கடவுள் அவனை ஏவினார். அவனோ எதிர்த்திசையிற் கப்பலேறினான். ஈற்றில் வேண்டாவெறுப்பாகச் சென்று எச்சரித்தான். நகரத்தார் மனந்திரும்பினர், கடவுள் தண்டனையை விலக்கினார். யோனாவுக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை, கடுங்கோபமே உண்டாயிற்று. கடவுள் இரக்கமற்றவர் என்பது அவன் முறையீடன்று. அவர் இரக்கமுள்ளவர் என்று தனக்கு முன்பே தெரியும், அதனாலன்றோ ஓடினேன் என்பதே அவன் முறையீடு! தனக்கு நிழல் தந்த ஒரு செடி வாடியதற்காக வருந்தும் யோனாவிடம், வலக்கை இடக்கை அறியாத 1,20,000 பேரும் மிகுந்த கால்நடைகளும் வாழும் நகரத்துக்காகத் தாம் இரங்கலாகாதோ என்று கடவுள் கேட்கின்றார். அக்கேள்வியோடு நூல் முடிகின்றது. யோனாவின் விடை எழுதப்படவில்லை. அதை வாசிப்போர்தாம் எழுத வேண்டும் போலும்.

நினிவே நகரம் இன்றைய ஈராக்கில் மோசுல் நகருக்குள் அடங்கியுள்ளது. யோனாவை யூனுஸ் நபி என்று இஸ்லாமியரும் போற்றுகின்றனர். அவர் பெயரால் அங்கு விளங்கிய புகழ்பெற்ற பள்ளிவாசலை 2014 யூலையில் இஸ்லாமிய அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட இயக்கம் வெடிவைத்துத் தகர்த்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு உரிமை கோரியதும் அதே இயக்கமே. கிறிஸ்தவரின் ஆலயத்தைத் தகர்த்த கை இஸ்லாமியரின் பள்ளிவாசலையும் விட்டு வைக்கவில்லை.

இதை ஏன் கூறுகிறோம் எனில், தாக்குதற் குழுவின் தலைவனும் சீயோன் தேவாலயத்தில் வெடித்தவனும் மட்டக்களப்புக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள காத்தான்குடியைச் சேர்ந்தவர்கள். உடனே ஓர் ஊரின் மீது, ஒரு சமுதாயத்தின் மீது பழி விழுந்தது. அத்தலைவனின் தீவிரப் பேச்சை அவ்வூர் இஸ்லாமியர் பலர் எதிர்த்ததும், தாக்குதலுக்கு முன்பே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்ததும் பின்னரே பலருக்குத் தெரியவந்தது. குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. இருந்தும், அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் இஸ்லாமியரின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவன் செய்த குற்றத்துக்கு அயலான் தண்டனை பெறுவது நீதியுமன்று, இரக்கமுமன்று.

இவ்வாவிக் கரையில் காயம் ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளின் துப்பாக்கிகளுக்கு இரையாயினர். அடுத்த மாதம் 9 ஆம் திகதி, சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். தன் சாராரின் காயத்தை மட்டும் எண்ணுபவனுக்கு நீதியும் பாதியே கிடைக்கும், இரக்கமும் பாதியே விளங்கும். நம் வழக்கை உரைப்பது போலவே, நம் பெயரால் பிறருக்கு இழைக்கப்பட்டதன் வழக்கையும் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். உவமையில் வந்த பணியாளின் பிழை, தான் கேட்க வேண்டிய 100 தெனாரியத்தை மாத்திரம் நினைவில் வைத்திருந்ததே.

ஒரே வேர்

இரக்கத்தைக் குறிக்கப் பழைய ஏற்பாட்டில் வரும் எபிரேயச் சொற்களுள் 'ரஹமீம்' ஒன்று. கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்ற சொல்லுக்கு இனமானது அது. அரபு மொழியில் இறைவனின் திருப்பெயர்களான 'ரஹ்மான்', 'ரஹீம்' என்பவையும் அதே வேரிற் பிறந்தவை. திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களுள் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் இவ்விரு பெயர்களையும் சொல்லியே தொடங்குகின்றன. வள்ளுவரோ அருளை அன்பு பெற்ற பிள்ளையாகக் கண்டார். மூவரும் இரக்கத்தைத் தேடித் தாயின் மடிக்கே வந்து சேர்ந்திருக்கின்றனர்.

மட்டக்களப்புப் பகுதி மக்களுக்கு இதிலே தனிச் சிறப்பு உண்டு. இங்கே தமிழரும் இஸ்லாமியரும் ஆகிய இரு சாராரும் குடிவழியைத் தாய்வழியாகவே எண்ணி வந்தவர்கள். ஒரு தாய் வயிற்று வழி வந்தோரை 'வயிற்றுவார்' என்று வழங்குவது இந்நாட்டு வழக்கு. தாய் வயிற்றைக் கொண்டு உறவை அறிந்த மக்கள், தாய் வயிற்றின் பெயரால் வழங்கும் இரக்கத்தை அறிய மாட்டாரா? தாய் தன் பிள்ளையின் குற்றத்தை அறியாதவள் அல்லள். எல்லோரிலும் நன்றாக அறிந்தவள் அவளே. அறிந்தும் அவள் அவனைத் தன் பிள்ளையல்லன் என்று சொல்வதில்லை. கிறிஸ்தவர் கடவுளின் இரக்கம் என்று சொல்வது இதனையே.

வீட்டிற் கற்கும் பாடம்

மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சில சொல்லி முடிக்கிறோம். வீட்டிலே பிள்ளை தவறு செய்தால், இரு வழிகள் நமக்குத் தெரிந்தவை: அடித்து ஒறுப்பது ஒன்று, போகட்டும் என்று காணாமல் விடுவது மற்றொன்று. முன்னது பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கும். பின்னது தவறும் சரியும் ஒன்றே என்று எண்ணப் பழக்கும். மூன்றாவது வழியே இரக்கத்தின் வழி. செய்தது தவறு என்று தெளிவாகச் சொல்லி, அதனால் யாருக்கு நோவு உண்டாயிற்று என்று காட்டி, ஈடு செய்ய வேண்டியதை உடன் நின்று செய்வித்து, அவ்வளவிற்கும் பிள்ளையின் கையை விடாதிருத்தல். இதற்குப் பொறுமையும் நேரமும் செலவாகும். இரக்கத்துக்குச் செலவு உண்டென்று முன்னரே சொன்னோம்.

மற்றொன்று. துயருற்றவரிடம் சென்று, நீங்கள் மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தல் இரக்கத்தின் பெயரால் செய்யும் கொடுமை. மன்னிப்பு காயப்பட்டவர் தாமாக அளிக்கும் கொடை. அதை வரியாகத் தண்டலாகாது. அவர்கள் அருகிலிருந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, இறந்த பிள்ளையின் பெயரை அவர்களோடு சேர்ந்து சொல்வதே அயலார் செய்யக்கூடிய முதல் உதவி. பசித்தவர்க்கு உணவளித்தல், நோயாளியையும் சிறைப்பட்டவரையும் சென்று காணுதல், இறந்தோரை அடக்குதல் முதலிய ஏழு செயல்களை உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபை வகுத்திருக்கின்றது. அவற்றுள் ஒன்றேனும் பேச்சன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் அழித்தபோது, வாவிக் கரையின் பாடசாலைகளும் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் வந்தவர்க்கெல்லாம் புகலிடமாயின. இரக்கம் என்பதற்கு அன்று எவரும் அகராதி தேடவில்லை.

ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்று சொல்வது எளிது. அந்த இரக்கம் நம் கடனையும் அறியும், நம் பகைவன் கடனையும் அறியும், இரண்டையும் சுமக்கும் என்று நம்புவதுதான் விசுவாசம். நினிவேக்கு வெளியே, வாடிய செடியின் அருகில், சினத்தோடு அமர்ந்திருந்த யோனாவிடம் கேட்கப்பட்ட கேள்வி எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் இன்றும் நிற்கின்றது. இந்த ஞாயிறு, குடும்பத்தோடு அமர்ந்து, அந்தச் சிறு நூலின் நான்கு அதிகாரங்களையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். விடையை உங்கள் பிள்ளைகளோடு பேசித் தீர்மானியுங்கள்.